பாதி மைதானம்

கிட்ட வாங்க கண்ணுகளா, அந்த நாற்காலியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மின்விசிறி போடும் சத்தத்தில் என் குரல் அந்த மூலைக்கு எட்டாது. ஒரு கதை சொல்லப்போகிறேன். ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. ஒரு பூட்டு, ஒரு பால் பாத்திரம், ஒரு கால்பந்து, அவ்வளவுதான் அதில் வருவது. ஆனாலும் கேட்டு முடித்ததும் உங்களில் ஒருத்தராவது எழுந்துபோய் அடுப்பை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வருவீர்கள். அதற்கு நான் பொறுப்பு.

மூன்றாவது மாடி. படியேறி வந்ததும் இடது கைப்பக்கம் முதல் வீடு. அதில் ஒருவர் இருந்தார். முப்பத்துமூன்று வருஷம் ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்தவர். சாலையும் தண்டவாளமும் வெட்டிக்கொள்கிற இடத்தில் ஓர் ஒற்றை அறையில் உட்கார்ந்து, ரயில் வருமுன் கேட்டை இறக்கிப் போன பிறகு ஏற்றிவிடுகிற வேலை. ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷமாகியும் அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் கேட்டுக்காரர்தான். மனைவி போன பிறகு மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மகன் தொலைதூர லாரி ஓட்டுகிறவன். மாதத்துக்கு இரண்டு தடவை வந்து குளிப்பான், தூங்குவான், போய்விடுவான். ஆக வீட்டில் இருந்தது மூன்று பேர்: கேட்டுக்காரர், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் மருமகள், பதினைந்து வயதுப் பேத்தி. பேத்தி பெண்கள் கால்பந்து அணியில் கோல் கீப்பர், அதனால் எல்லாருக்கும் அவள் கோலி. மாமனார் கேட் கீப்பர், மகள் கோல் கீப்பர், நடுவில் அழுக்குத் துணிக்குக் கீப்பர் நான் ஒருத்தி என்று மருமகள் சொல்லிச் சிரிப்பாள். சிரித்த காலம் அது.

அந்த வீட்டுக்கு இரண்டு கதவு. உள்பக்கம் மரக்கதவு, வெளிப்பக்கம் இரும்புக் கம்பிக் கதவு. நான் சொல்லும் மூன்று மாதமும் காலை ஏழரையிலிருந்து மாலை ஐந்து வரைக்கும் அந்தக் கம்பிக் கதவு வெளியே பூட்டிக் கிடந்தது. உள்ளே கேட்டுக்காரர்.

பதறாதீர்கள். மருமகள் கொடுமைக்காரி இல்லை. நடந்தது இதுதான்.

ஒருநாள் மருமகளுக்கு விடிகாலை ஷிஃப்ட். ஐந்து மணிக்கே போய்விட்டாள். கேட்டுக்காரர் வழக்கம்போல ஐந்தரைக்குக் கீழே இறங்கிப் பேப்பரை வாங்கிக்கொண்டு, காம்பவுண்டுச் சுவரோரம் நின்று கூட்ஸ் வண்டி போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனை பெட்டி என்று சத்தத்திலேயே எண்ணிவிடுவார். அன்று ஐம்பத்தெட்டு. எண்ணி முடித்து நிமிர்ந்தால் மூன்றாவது மாடிச் சமையலறை ஜன்னலில் புகை. இவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வருவதற்குள் எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஈரத் துணியோடு உள்ளே புகுந்து அடுப்பை அணைத்திருந்தாள். பால் பாத்திரம் கரிக்கட்டையாகிவிட்டது. அடுப்புக்கு மேலே மாட்டியிருந்த பிளாஸ்டிக் தட்டு உருகி வழிந்திருந்தது. சுவர் கூரைவரைக்கும் கறுப்பு.

செய்தி போய் மருமகள் ஓடிவந்தாள். வீட்டுச் சொந்தக்காரரும் வந்தார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டைக் காலி செய்துவிடுங்கள் என்று குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டுப் போனார். உயர்த்தாத குரல்தான் பயம். மருமகள் கரிபிடித்த பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு யார் அடுப்பை வைத்தது என்று கேட்டாள். அப்போதுதான் கோலி பயிற்சி முடிந்து வந்து வாசலில் நின்றாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

ஒரு மாதத்துக்கு முன்பு இதே பெண் குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோய்க் கீழ்வீட்டுக் கூரையெல்லாம் ஒழுகியிருந்தது. அன்றைக்கே அம்மா சொல்லிவிட்டாள், இனி ஒரு கவனக்குறைவு என் காதில் விழுந்தால் உனக்கு மைதானம் கிடையாது என்று. சொன்னால் செய்கிறவள் அவள்.

கேட்டுக்காரர் பேத்தி முகத்தைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார்.

"நான்தாம்மா. பால வச்சுட்டு மறந்துட்டேன்."

அதைச் சொன்னபோது அவருக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. ரயில்வேயில் யார் பிசகுக்கோ எத்தனை தடவை இவர் விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதிகாரி நாலு வார்த்தை திட்டுவார், காகிதம் கோப்புக்குள் போகும், மறுநாள் ரயில் ஓடும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்.

வீடு ரயில்வே இல்லையே. மருமகள் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரிடம் கேட்டாள். இந்த வயதில் முதலில் அடுப்பு மறக்கும், அப்புறம் ரோடு மறக்கும், தனியாக வெளியே விடாதீர்கள் என்றார் அவர். மகனிடம் போனில் கேட்டாள். நீ செய்வதுதான் சரி என்று எங்கோ ஒரு சாலையோரத்திலிருந்து சொன்னான். மறுவாரம் பூட்டு வந்தது. காஸ் குழாயைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். இவருக்கு ஒரு ஃபிளாஸ்கில் டீ, மூடிவைத்த சாப்பாடு. தாமே டீ போட்டுக் குடித்த மனிதர் ஃபிளாஸ்க் மூடியைத் திருகும்போதெல்லாம் அதிலிருந்து பழைய வெந்நீர் வாடை வரும். அந்த வாடையைத்தான் அவரால் கடைசிவரை பழகிக்கொள்ள முடியவில்லை.

முதல்நாள் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருமகள் வெளியே நின்றாள். அழுத்தக் கை வரவில்லை. கம்பிக்கு உள்பக்கம் நின்ற கேட்டுக்காரர்தான் அவளுக்கு வழி செய்து கொடுத்தார்.

"கேட்டை மூடுனா நம்பர் வாங்கணும்மா. வாங்காம மூடுனா செல்லாது. எழுதிக்கோ, நாப்பத்தேழு."

அது அவர் வேலையின் முறை. கேட்டை மூடியதும் ஸ்டேஷன் மாஸ்டருக்குப் போன் செய்து தன் தாளிலிருக்கும் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். மறுபடி திறக்க வேண்டுமென்றால் அந்தப் பக்கத்திலிருந்து ஓர் எண் வரவேண்டும். ராஜாவே வந்து நின்றாலும் எண் வராமல் திறக்கக் கூடாது. மருமகள் அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே பூட்டினாள். அன்று மாலையே பழைய காலண்டர்த் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் கலைத்துப் போட்ட எண்களாக எழுதி அவளிடம் கொடுத்தார். தினமும் காலையில் இவர் ஓர் எண் சொல்வார். மாலையில் அவள் வெளியே நின்று தன் தாளிலிருந்து ஓர் எண் சொல்லி, அடித்துவிட்டுத் திறப்பாள். விளையாட்டுப்போல ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் விளையாட்டு உதிர்ந்து முறை மட்டும் மிஞ்சியது.

தீப்பிடித்தால் திறக்கட்டும் என்று இன்னொரு சாவி தையல்காரம்மாவிடம் இருந்தது. அவள் வெளிச்சத்துக்காகத் தன் வாசலிலேயே மெஷினைப் போட்டிருந்தாள். கேட்டுக்காரர் கம்பிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். நடுவில் நாலடிப் பாதை. இவர் பேப்பரை உரக்கப் படிப்பார், அவள் தைத்துக்கொண்டே கேட்பாள். வெயில் ஏறும் மாதம் அது. பதினொரு மணிக்கெல்லாம் கம்பியில் கை வைக்க முடியாது.

பேப்பர் படிப்பது என்றால் சும்மா படிப்பதா? முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்ப்பு உண்டு. அமைச்சர் ராஜினாமா செய்தால், போகிறவன் கதவைச் சாத்திவிட்டுப் போனானா திறந்துபோட்டுவிட்டுப் போனானா என்பார். வெங்காய விலைக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது, அது எப்படியோ சுற்றிவந்து சரக்கு ரயிலைக் குறைத்ததில் முடியும். ஒருநாள் அவருடைய பழைய கேட்டே செய்தியில் வந்தது. அங்கே மேம்பாலம் திறந்துவிட்டார்கள். இனி யாரும் காத்திருக்க வேண்டாம் என்று கொட்டை எழுத்து. அதைப் படித்துவிட்டு வெகுநேரம் பேப்பரை மடிக்காமல் வைத்திருந்தார். காத்திருந்தபோது ஜனங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள், கேட்டில் வண்டியை நிறுத்தின இடத்தில் இரண்டு கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்றார். எத்தனை விவாகரத்து என்று தையல்காரம்மா கேட்டாள்.

விளையாட்டுப் பக்கத்தைக் கடைசிக்கென்று வைத்துக்கொள்வார்.

"தங்கச்சி, உலகத்துல வேலைய ஒழுங்கா செஞ்சா திட்டு வாங்குறவன் ரெண்டே பேரு. ஒண்ணு ரெஃப்ரி, இன்னொண்ணு கேட் கீப்பர்."

"தையக்காரியையும் சேத்துக்கோங்கண்ணே. அளவெடுத்துட்டுப் போயி உடம்ப ஏத்திக்கிட்டு வருவாங்க. சட்டை சின்னதாயிருச்சுன்னு என்னையத் திட்டுவாங்க."

இன்னொரு நாள், ஏதோ ஒரு நாட்டுச் சிறையில் கைதிகளுக்குப் பெரிய திரை கட்டி இறுதி ஆட்டத்தைக் காட்டினார்கள் என்று செய்தி. அதை இரண்டு தடவை படித்தார். "அவனுங்களுக்கு முழு மைதானமும் தெரிஞ்சிருக்கும்" என்றார். தையல்காரம்மா மெஷினை நிறுத்தினாள். பிறகு மறுபடி மிதித்தாள்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வீட்டின் பின்பக்க ஜன்னலிலிருந்து பார்த்தால் மைதானம் தெரியும். கோலி பயிற்சி செய்யும் மைதானம்தான். ஆனால் நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி, யானை படுத்த மாதிரி. மைதானத்தில் சரிபாதியை அது விழுங்கிவிடும். இந்தப் பக்கத்துக் கோல் தெரியும், அந்தப் பக்கத்துக் கோல் தெரியாது. கோலி இந்தப் பக்கம் நின்றால் இவர் பச்சைக் கைக்குட்டையை ஜன்னலில் ஆட்டுவார், லைன் கிளியர், வழி திறந்திருக்கிறது என்று. அவள் கையுறையை உயர்த்திக் காட்டுவாள். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறிவிடும். அதற்கு மேல் கூச்சலை வைத்துத்தான் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். விசில், அமைதி, ஒரு பெருமூச்சு, கைதட்டல். சத்தத்திலேயே பெட்டி எண்ணின காதுதான், ஆனாலும் பேத்தியைக் காதால் பார்ப்பது வேறு.

கோலி மாறிப்போயிருந்தாள். தாத்தாவுக்கு முட்டையில் பெரியதை வைப்பாள், ஃபிளாஸ்கைத் தினமும் தானே கழுவி வெயிலில் கவிழ்ப்பாள், ஆனால் அவர் எதிரில் உட்காரமாட்டாள். இவரும் அவளிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்டால் அவள் ஏதாவது சொல்லவேண்டி வரும். சொன்னால் மைதானம் போய்விடும்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். நீங்களும் நானும் ஒருத்தரை மூன்று மாதம் மறதிக்காரர் என்று நடத்தினால் என்ன ஆகும்? மருமகள் தினமும் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள். மாத்திரை டப்பாவில் கிழமை எழுதி ஒட்டினாள். மகன் போனில், அப்பா நான் யார் பேசுறேன் தெரியுதா என்று கேட்டான். இரண்டாவது மாதம் ஒருநாள் கண்ணாடியைத் தேடித் தேடி அது தலையிலேயே இருந்தது. எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் அன்று கேட்டுக்காரர் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றார். பால் பாத்திரம் கரிந்த அன்று காலையில் கீழே இறங்கும் முன்பு பாலை வைத்தது தானேதானோ? கோலி முகம் வெளுத்தது குற்றத்தாலா, புகையைக் கண்ட பயத்தாலா? அவள் செய்தாள் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. இவர் பார்த்தது ஒரு முகம், அவ்வளவுதான். ஐம்பத்தெட்டுப் பெட்டி எண்ணினது ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன்பு சமையலறையில் கால் வைத்தாரா இல்லையா என்பது எவ்வளவு முயன்றும் வரவில்லை. சும்மா சொன்ன பொய் உண்மையாகவே இருந்துவிட்டால்? பூட்டு வெளியே தொங்குவதை அவர் பொறுத்துக்கொண்டார். இது தலைக்குள்ளே போட்ட பூட்டு.

அதற்கப்புறம் அவர் பேப்பர் படிக்கும் சத்தம் குறைந்தது. தையல்காரம்மா என்னண்ணே என்று கேட்டால் வெயில் என்பார்.

இப்படியிருக்கும்போது கோலியின் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. சனிக்கிழமை நாலு மணி. மருமகள் அரைநாள் லீவு சொல்லியிருந்தாள். ஒரு மணிக்கு வந்துவிடுவேன், உங்களை நானே கைபிடித்துக் கூட்டிப்போகிறேன் மாமா, கோல் போஸ்ட் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காரலாம் என்று சொல்லியிருந்தாள். கேட்டுக்காரர் வெள்ளிக்கிழமையே சட்டையைத் தேய்த்து மாட்டினார். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே ஷூவும் போட்டுக்கொண்டு கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணி. இரண்டு. மூன்று.

மூன்றேகாலுக்குத் தையல்காரம்மாவின் போன் அடித்தது. சலவைக்கூடத்துப் பெரிய இயந்திரம் நின்றுவிட்டது, நாற்பது படுக்கைக்கு விரிப்பு இல்லை, கையால் அலசிக்கொண்டிருக்கிறோம், அக்கா நீங்கள் கதவைத் திறந்து மாமாவை மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள் என்று மேற்பார்வையாளர் அறையிலிருந்து மருமகள் அவசரமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

தையல்காரம்மா ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு எழுந்தாள். சாவியை எடுத்தாள். பூட்டைத் திறந்தாள். கம்பிக் கதவை அகலத் தள்ளினாள். கேட்டுக்காரர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"நம்பர் என்ன சொன்னா?"

"என்ன நம்பரு?"

"திறக்குறதுக்கு நம்பர் சொல்லியிருப்பாளே."

தையல்காரம்மா முதலில் சிரித்தாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். திருப்பிக் கூப்பிட்டாள். மேற்பார்வையாளர் அறைப் போனை யாரும் எடுக்கவில்லை. மருமகளின் சொந்தப் போனும் எண் எழுதின தாளும் அவள் கைப்பையில், கைப்பை பெட்டிக்குள், பெட்டி பூட்டி. அங்கே வேலை நேரத்தில் அதுதான் முறை.

ஏன் இப்படிச் செய்தார் என்று உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் அவருக்கு ஒன்பதாவது வருஷ சர்வீஸில் ஒரு சம்பவம் உண்டு. ஸ்டேஷனிலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் வந்து, வண்டி ரத்தாகிவிட்டது, ஸ்டேஷன் மாஸ்டர் திறக்கச் சொன்னார் என்றான். தெரிந்த ஆள்தான். எண் கேட்காமல் திறந்துவிட்டார். அறுவடைக்குப் போகும் ஜனங்களை ஏற்றின டிராக்டர் குறுக்கே போய்க்கொண்டிருந்தபோது ரயில் வந்தது. கடைசிச் சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டின பிறகு இவர் எண்ணினார், மூன்று எண்ணுவதற்குள் ரயில் கடந்தது. அந்த டிராக்டரில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த பெண் இவரைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே போனாள், அவளுக்கு எதுவும் தெரியாது. அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை எண் இல்லாமல் அவர் கை கேட்டை ஏற்றும் சக்கரத்தில் பட்டதில்லை.

சரி, அது கேட். இது வீட்டு வாசல். தையல்காரம்மாவும் அதைத்தான் சொன்னாள். கெஞ்சிப் பார்த்தாள், கேலி செய்தாள், அம்பது, அறுவது, இந்தாங்க நம்பர், எது வேணும் என்றாள். கீழே ஆட்டம் தொடங்கும் விசில் கேட்டது. இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள்.

"அண்ணே, பூட்டு என் கையில இருக்கு. கதவு தொறந்து கெடக்கு. இப்ப உங்களப் பூட்டி வச்சிருக்கிறது யாரு?"

அவர் வாசற்படிக்கு ஒரு சாண் தள்ளி இருந்த தன் ஷூ நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்.

"எனக்கு என்னை நம்ப முடியல தங்கச்சி. இன்னொரு தடவ நான் எதையாச்சும் மறந்து அந்தப் புள்ளைக்கு வீடு போச்சுன்னா?"

தையல்காரம்மா தன் ஸ்டூலை எடுத்துவந்து கம்பிக் கதவைச் சாத்தவிடாமல் முட்டுக்கொடுத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். திறந்த வாசலுக்கு உள்ளே ஒருத்தர், வெளியே ஒருத்தர். கீழே கூச்சல் எழுந்து எழுந்து அடங்கியது.

முதல் பாதியில் கோலி நின்றது ஜன்னலிலிருந்து தெரிகிற பக்கத்துக் கோலில். அவள் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்தாள். கைக்குட்டை இல்லை. தாத்தா கீழே வந்திருப்பார் என்று மைதான ஓரத்தைப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. பந்து வந்தது, பிடித்தாள், ஜன்னலைப் பார்த்தாள். மறுபடி பந்து, மறுபடி ஜன்னல். ஆள் இல்லாத ஜன்னல் எப்படியிருக்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. பூட்டின வீட்டுக்குள் தாத்தாவுக்கு என்ன ஆயிற்றோ என்ற நினைப்பிலேயே நின்றாள். இடைவேளை விசில் அடித்ததுதான் தாமதம், பயிற்சியாளர் கூப்பிடக் கூப்பிட ஓடிவந்தாள். மூன்று மாடி. கையுறையோடு, முட்டியில் புல்லோடு.

வந்தவள் திறந்த கதவையும் உட்கார்ந்திருந்த தாத்தாவையும் பார்த்து மூச்சு வாங்க நின்றாள். தையல்காரம்மா நடந்ததைச் சொன்னாள். நம்பர் வரவில்லையாம், அவருக்கு அவரையே நம்ப முடியவில்லையாம் என்றாள்.

கோலி கையுறையைக் கழற்றினாள். மூன்று மாதத்துக்குப் பிறகு தாத்தா எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"பால வச்சது நான்தான் தாத்தா."

அவர் நிமிர்ந்தார்.

"குடிச்சிட்டுப் போலாம்னு வச்சேன். கீழ விசில் அடிச்சாங்க. அப்படியே ஓடிட்டேன். நீங்க இல்ல. நீங்க சமையக்கட்டுக்கே வரல."

"எனக்காகச் சொல்லாத."

"உங்களுக்காக இல்ல."

கேட்டுக்காரர் அவளையே பார்த்தார். ஸ்டேஷனிலிருந்து வரும் எண்ணை ஒருமுறை திருப்பிக் கேட்டுச் சரிபார்ப்பது அவர் வழக்கம்.

"எந்த அடுப்பு?"

"இடது பக்கம். நீங்க எப்பவுமே வலது பக்கந்தான பத்த வைப்பீங்க. அம்மாகிட்ட சொல்லலாம்னு தெனமும் நினைப்பேன். உருகுன தட்டு இடது பக்கம் இருந்துச்சு. நீங்களே கண்டுபிடிச்சுருவீங்கன்னு பயந்துட்டே இருந்தேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ரயில்வே கேட்டில் அவர் இருந்த அந்த ஒற்றையறையின் ஒற்றை அடுப்பு வலது மூலையில் இருந்தது. முப்பத்துமூன்று வருஷம் வலது பக்கம் போன கை. இந்த வீட்டுக்கு வந்தும் இடது அடுப்பை ஒருநாளும் தொட்டதில்லை. இத்தனை நாள் தலையைப் போட்டு உடைத்துக்கொண்டவருக்கு இது தோன்றவேயில்லை. தேடின கண்ணாடி மாதிரி அது தலையிலேயே இருந்திருக்கிறது.

நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். ஒரு சாண் தூரம். வாசற்படியைத் தாண்டினார்.

"சீக்கிரம் ஓடு. பக்கம் மாறியிருக்கும். நான் மெல்ல வரேன்."

"அம்மாகிட்ட நான் சொல்லிருவேன் தாத்தா."

"ஆட்டத்தை முடி முதல்ல."

இரண்டாம் பாதியை அவர் தொட்டிக்கு அந்தப்பக்கம், தெரியாத கோலுக்குப் பின்னால், தையல்காரம்மாவின் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். வலை இரண்டு இடத்தில் கிழிந்து கயிறு கட்டியிருந்தது. கோல் கோட்டருகே புல் தேய்ந்து மண் தெரிந்தது, அதில் அவள் கால் குழி. இவ்வளவு பக்கத்தில் அவள் முதுகை அவர் பார்த்ததில்லை. நாலு பந்தைப் பிடித்தாள். ஐந்தாவது அவள் விரலைத் தட்டிக்கொண்டு உள்ளே போனது. தோற்றுப்போனார்கள். ரெஃப்ரியை ஜனங்கள் திட்டியபோது கேட்டுக்காரர் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார்.

ஆட்டம் முடிந்து எல்லாரும் கலையும்போது மருமகள் வந்தாள். தலையெல்லாம் வெள்ளைப் பஞ்சு, கைவிரல் தண்ணீரில் ஊறி வெளிறியிருந்தது. கோலி அவளைத் தனியே கூட்டிப்போய்ச் சொன்னாள். என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. மருமகள் அடிக்கவில்லை, கத்தவில்லை. கட்டடத்துக்கு வந்து முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்த மாமனாரும் நின்றுவிட்டார்.

"ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?"

"ரெண்டு பேர்ல ஒருத்தர் வீட்ல அடைஞ்சு கெடக்கணும்னா வேலை முடிஞ்சவன் கெடக்குறதுதானம்மா சரி."

"மூணு மாசம். உங்கள உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயி ஊர்த் துணியெல்லாம் வெளுத்துருக்கேன்."

அவரும் முழங்காலை மடக்கி அதே படியில் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள் எல்லாரும் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை காலை காஸ் குழாய் மாட்டியே இருந்தது. பூட்டு சாவியோடு சேர்த்து அவர் சட்டைப் பைக்குள் போனது. மருமகள் வெளியே போனவள் பழக்கத்தில் திரும்பி நின்றாள். கை பூட்டு இல்லாத கம்பியைத் தொட்டது. "கேட் திறந்துதாம்மா இருக்கு, வண்டி போகலாம்" என்றார் உள்ளேயிருந்தவர்.

ஆனால் சொன்னதைச் செய்கிறவள் என்றேனே, கோலிக்கு ஒரு மாதம் மைதானம் கிடையாது. தாத்தா கேட்டுப் பார்த்தார், தையல்காரம்மா கேட்டுப் பார்த்தாள், பயிற்சியாளரே மாடியேறி வந்து கேட்டார். ஒரு மாதம் என்றால் ஒரு மாதம்தான்.

அடுத்த சனிக்கிழமை கீழே ஆட்டம். கோலி ஜன்னலோரம் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். வேறொரு பெண் கோலில் நின்றாள். தாத்தா வலது அடுப்பில் டீ போட்டு இரண்டு டம்ளர் எடுத்துவந்தார். தன் நாற்காலியை அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். சட்டைப் பையில் சாவி கனத்தது.

இடைவேளை முடிந்து அணிகள் பக்கம் மாறின. தொட்டி பாதி மைதானத்தை விழுங்கிக்கொண்டது. ஒரு பெரிய கூச்சல் எழுந்தது. கோலி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"பிடிச்சுட்டா" என்றாள்.

"இல்ல. கம்பத்துல பட்டு வெளிய போச்சு. பெருமூச்சு அப்புறமாத்தான் வந்துச்சு, பாரு."

கொஞ்ச நேரம் இருவரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"உங்ககிட்டதான் சாவி இருக்கே தாத்தா. போய்ப் பாருங்க."

"போவேன், போவேன். என்ன அவசரம்?" என்றார் கேட்டுக்காரர். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பச்சைக் கைக்குட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "அந்தப் புள்ளைக்கு ஆட்டு. புதுசு, பயந்துபோய் நிக்கும்."

தொட்டிக்கு அந்தப்பக்கம் இருக்கிறவளுக்கு அது தெரியாது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் கோலி ஆட்டினாள்.

இவ்வளவுதான் கதை. நீங்களும் வீடு போய்ச் சேருங்கள், கண்ணுகளா. உங்கள் வாசலுக்கு எத்தனை பூட்டு இருந்தாலும் ஒரு சாவி உள்ளே இருக்கிறவர் கையில் இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தங்கள் ஞாபகத்தின் மேல் நம்பிக்கை இருக்கட்டும், பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லக் கால் கடுக்க ஓடிவரும் தைரியம் வரட்டும். வைத்த பால் தீயாமல், தேடின முகம் ஜன்னலில் தெரிந்து, எல்லாரும் நல்லா இருங்கள்.